1/10 ஹைட்ரோபிளேன் மரக் கிட்: கட்டி, ஓட்டி, அளந்து பார்த்த பிறகு

பெட்டியைத் திறந்து பேட்டரியைச் சொருகி அன்று சாயங்காலமே ஏரியில் விரட்ட வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கிட் ஒத்துவராது. வேகம் எங்கிருந்து வருகிறது, எந்த இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மாறினால் படகு தண்ணீரை விட்டுக் கிளம்புகிறது என்பதையெல்லாம் தன் கையால் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு, நான் இதுவரை வாங்கியதில் இதைவிட நல்ல சாமான் எதுவும் இல்லை. குறைகளும் இருக்கின்றன. அவற்றையும் சொல்கிறேன்.

சாமான் இதுதான்: அன்லிமிடெட் ஹைட்ரோபிளேன் என்று அமெரிக்காவில் ஓடும் பெரிய ரேஸ் படகின் 1/10 அளவு மாடல். நிஜப் படகு சுமார் 30 அடி நீளம், ஆகவே இது மூன்றடி. விற்பவர் சியாட்டலுக்குத் தெற்கே தன் வீட்டு கராஜில் லேசர் கட்டர் வைத்திருக்கும் ஒரு பெரியவர். கம்பெனி, வெப்சைட், விளம்பரம் எதுவும் கிடையாது. மாடல் படகு ஓட்டுகிறவர்கள் கூடும் கரையில் ஆளைப் பார்த்துப் பேசினால் வெட்டிக் கொடுப்பார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை.

நான் சியாட்டலை ஒட்டிய கென்ட் பக்கம் குடியிருக்கிறேன். இந்த ஊரில் ஹைட்ரோ பைத்தியம் பிடிக்காமல் இருப்பது கஷ்டம். ஆகஸ்ட் தொடக்கத்தில் சீஃபேர் திருவிழாவின் ஹைட்ரோ ரேஸ் வந்தால் வாஷிங்டன் ஏரிக்கரையே நிரம்பிவிடும். இதெல்லாம் 1950-ல் ஆரம்பித்தது. ஸ்டான்லி சேயர்ஸ் என்ற கார் வியாபாரி பணம் போட, டெட் ஜோன்ஸ் வரைய, ஆங்கர் ஜென்சன் தன் பட்டறையில் கட்டிய ஸ்லோ-மோ-ஷன் ஃபோர், அந்த ஜூன் 26-ஆம் தேதி இதே ஏரியில் மணிக்கு 160 மைல் தாண்டி உலக சாதனை செய்தது. அடுத்த மாதமே டெட்ராய்ட் போய் கோல்ட் கப் என்ற படகுப் பந்தயக் கோப்பையையும் தூக்கி வந்தது. அதுவரை ஓடிய படகுகளைக் காட்டிலும் மணிக்கு இருபது மைல் போல அதிக வேகம். 1950-களில் இந்த ஊர்ப் பிள்ளைகள் மரத்துண்டில் ஹைட்ரோ செய்து சைக்கிளுக்குப் பின்னால் கயிறு கட்டித் தெருத்தெருவாக இழுத்துப் போவார்கள். அப்படி இழுத்த தலைமுறை ஆட்கள் இன்றைக்கும் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் படகை எடுத்து வைத்தாலே எழுந்து வந்து முன்பக்கக் கட்டையான ஸ்பான்சனைத் தடவிப் பார்ப்பார்கள். அந்த ஸ்லோ-மோ-ஷன் ஃபோரை இப்போது யூனியன் ஏரிக்கரையில் இருக்கும் மோஹாய் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். கென்டில் ஹைட்ரோபிளேனுக்கென்றே தனி மியூசியம் இருக்கிறது. கிட் வாங்குவதற்கு முன்னால் அங்கே போய் அடிப்பாகத்தைக் குனிந்து பாருங்கள். பத்துப் படம் பார்த்தாலும் புரியாதது ஒரு நிமிஷத்தில் புரியும்.

புரிய வேண்டியது என்னவென்றால், இந்தப் படகு தண்ணீரில் மிதந்து ஓடுவதில்லை. முன்னால் இரண்டு பக்கமும் ஸ்பான்சன் என்று இரண்டு கட்டைகள், பின்னால் ப்ரொப்பெல்லர். வேகம் பிடித்ததும் இந்த மூன்று இடம் மட்டும்தான் தண்ணீரைத் தொடும். ப்ரொப்பெல்லரும் பாதிதான் முங்கியிருக்கும், மேல் பாதி காற்றில் சுற்றும். பின்னால் எழும்பும் தண்ணீர்த் தோகை அதனால் வருவதுதான். இரண்டு ஸ்பான்சனுக்கும் நடுவில் ஒரு சுரங்கம் மாதிரி இடம். அதில் காற்று புகுந்து படகைத் தூக்குகிறது. தூக்கினால் உரசல் குறையும், வேகம் கூடும். வேகம் கூடினால் இன்னும் தூக்கும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதுதான் டெஸ்டிங்.

இனி கிட்டைப் பார்ப்போம். 3 மி.மீ. பிர்ச் ப்ளைவுட்டில் குறுக்குச் சட்டங்கள், 1.5 மி.மீ. ப்ளைவுட்டில் மேல்தோலும் அடித்தோலும், ஸ்ப்ரூஸ் மரத்தில் நீளக் குச்சிகள். மேலே காக்பிட் மூடி, பின்னால் வால் இறக்கை. எல்லாத் துண்டும் பல்லும் குழியுமாக ஒன்றுக்குள் ஒன்று உட்காருகிறது. சட்டங்களைப் பசை இல்லாமல் கோர்த்து நிறுத்திப் பார்த்தேன், மூலைவிட்டம் இரண்டும் அரை மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போனது. கராஜ் சாமானுக்கு இது பெரிய விஷயம். முக்கியமாக ஸ்பான்சனின் அடிக் கோணம் சட்டத்திலேயே வெட்டி வந்திருக்கிறது. நாமாக இழைத்துக் கொண்டுவர வேண்டியதில்லை. இடது வலது இரண்டையும் டிஜிட்டல் கோணமானி வைத்து அளந்தேன், வித்தியாசம் தெரியவில்லை. இந்த ஒரு காரணத்துக்கே காசு கொடுக்கலாம். இரண்டு ஸ்பான்சனும் கால் டிகிரி மாறினால்கூட, பிறகு என்ன செய்தாலும் அந்தப் படகு நேராக ஓடாது.

குறைகளில் முதலாவது டிரான்ஸம், அதாவது பின்பலகை. கிட்டில் வருவது வெறும் 3 மி.மீ. ப்ளைவுட். ப்ரொப்பெல்லரைத் தாங்கும் ஸ்ட்ரட்டும் சுக்கானும் இரண்டுமே இந்தப் பலகையில்தான் போல்ட் ஆகின்றன. முழு ஆக்சிலரேட்டரில் ப்ரொப்பெல்லர் தள்ளும்போது பலகை வளைந்தால், கரையில் நாம் வைத்த கோணம் தண்ணீரில் இருக்காது. கட்டும்போதே பலகையை விரலால் அழுத்திப் பார்த்தேன், அமுங்கியது. உள்பக்கம் 6 மி.மீ. ப்ளைவுட் ஒன்றை எபாக்ஸி போட்டு ஒட்டி, போல்ட் வரும் இடத்தில் பித்தளை வாஷரும் வைத்தேன். இதை அந்தப் பெரியவரிடம் சொன்னேன். "எடையைக் குறைக்கத்தான் அப்படி விட்டேன், கனமான மோட்டார் போடுகிறவர்கள் எல்லோரும் உள்ளே கட்டை ஒட்டிக்கொள்கிறார்கள்" என்றார். அப்படியானால் அந்தத் துண்டையும் வெட்டிப் பெட்டியில் போட்டுவிடலாமே.

இரண்டாவது குறை, கட்டுவதற்கான குறிப்பு. சில பக்கம் கறுப்பு வெள்ளைப் படம், ஓரத்தில் பென்சில் கையெழுத்து, அவ்வளவுதான். ஏற்கெனவே ஒரு மரப்படகு கட்டியவருக்குப் போதும். புதியவர் தடுமாறுவார். என் கிட்டில் தோல் பலகையில் ஒரு தாள் நெளிந்தும் இருந்தது. ஈரத்துணி போட்டுப் பாரம் வைத்து நிமிர்த்திக்கொண்டேன்.

மற்றபடி மரவேலை சுகமான வேலை. உட்புறம் முழுக்க மெல்லிய எபாக்ஸி பூச வேண்டும், ஒரு மூலைகூட விடக்கூடாது. ப்ளைவுட் தண்ணீர் குடித்தால் எடை ஏறுவது மட்டுமில்லை, ஏறும் எடை எங்கே ஏறுகிறது என்பதும் நம் கையில் இல்லை. அடித்தோலில் ஸ்பான்சனின் பின் ஓரமும் வெளி ஓரமும் கத்தி மாதிரி கூராக இருக்க வேண்டும். உருண்டையாக இருந்தால் தண்ணீர் ஓரத்தைச் சுற்றி ஒட்டிக்கொண்டு மேலே ஏறும், விடுபடாது. நான் அந்த ஓரங்களில் மட்டும் சூப்பர் க்ளூ ஊற்றி இறுக வைத்து, தட்டையான அலுமினியப் பட்டையில் ஒட்டிய 320 நம்பர் உப்புத்தாளால் இழுத்தேன். வெயிலில் பிடித்துப் பார்த்தால் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியக்கூடாது. தெரிந்தால் இன்னும் மழுங்கல் இருக்கிறது என்று அர்த்தம்.

காலி உடல் பெயின்ட்டோடு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. மோட்டார், பேட்டரி எல்லாம் போட்டு மூன்று கிலோவை ஒட்டி நின்றது. நிஜப் படகு ஏறக்குறைய மூன்று டன். பத்தில் ஒரு பங்கு அளவென்றால் எடை ஆயிரத்தில் ஒரு பங்கு, அப்படிப் பார்த்தால் மூன்று கிலோதான் வர வேண்டும். கணக்கு இப்படி வந்து உட்கார்ந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

கிட்டில் இரும்புச் சாமான் எதுவும் வராது. மோட்டாருக்கு 36 மி.மீ. விட்டத்தில் 2000 கேவி (வோல்ட்டுக்கு நிமிஷத்தில் 2000 சுற்று) பிரஷ்லெஸ், மேலே தண்ணீர் சுற்றும் ஜாக்கெட். வேகக் கட்டுப்பாட்டுக்கு ஹாபிவிங் சீகிங் 130, அதற்கும் தண்ணீர்க் குளிர்ச்சி உண்டு. இரண்டு 2எஸ், அதாவது இரண்டு செல் கொண்ட, லிப்போ பேட்டரியைத் தொடராக இணைத்து 4எஸ், 14.8 வோல்ட். மோட்டாரிலிருந்து ப்ரொப்பெல்லருக்குப் போகும் டிரைவ் லைனின் இரு பக்கமும் ஒவ்வொன்று. முன்னும் பின்னும் நகர்த்த உள்ளே வெல்க்ரோ பட்டை நீளமாக ஒட்டியிருக்கிறேன். காலி இடமெல்லாம் நீச்சல் குள ஃபோம் துண்டு. மூடியைச் சுற்றித் தெளிவான டேப். ஃபோம் போடாமல் ஒரு படகையும் தண்ணீரில் இறக்காதீர்கள். கவிழ்ந்தால் மிதக்க வேண்டும், எடுக்க வேண்டும்.

ப்ரொப்பெல்லரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இந்தப் பொழுதுபோக்கில் பாதி அதுதான். நான் போடுவது ஆக்டுரா கம்பெனியுடையது. அவர்களின் பெயர் வைக்கும் முறை நேர்மையானது: எக்ஸ்442 என்றால் 42 மி.மீ. விட்டம், பிட்ச் அதைப் போல 1.4 மடங்கு, அதாவது 58.8 மி.மீ. ஒரு சுற்றுக்கு வழுக்கல் இல்லாமல் அவ்வளவு தூரம் முன்னே போகும். 14.8 வோல்ட்டை 2000-ஆல் பெருக்கினால் நிமிஷத்துக்கு 29,600 சுற்று. தண்ணீரில் சுமை ஏறும்போது எண்பது சதவீதம் என்று வைத்தால் 23,700. பிட்ச்சால் பெருக்கினால் மணிக்கு 83 கி.மீ. அதில் வழுக்கல் கழிந்து மிச்சம் கிடைப்பதுதான் உண்மையான வேகம். இந்தக் கணக்கைப் போட்டு வைத்துக்கொண்டு ஏரிக்குப் போனால், ஜி.பி.எஸ். காட்டும் எண்ணைப் பார்த்ததும் கோளாறு படகிலா மோட்டாரிலா என்று சொல்லிவிடலாம்.

ஆக்டுராவின் பெரிலியம் காப்பர் ப்ரொப்பெல்லர் வார்த்த பதத்திலேயே கைக்கு வரும். கூர் தீட்டுவதும் பேலன்ஸ் செய்வதும் நம் வேலை. கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனியில் இம்பெல்லர் பேலன்சிங் மேஜையில் நின்ற காலத்திலிருந்து இந்த வேலை எனக்குப் பிடிக்கும். காந்தங்களுக்கு நடுவில் மெல்லிய தண்டு, தண்டில் ப்ரொப்பெல்லர். விட்டால் கனமான இலை மெதுவாகக் கீழே இறங்கும். அந்த இலையின் முதுகில், அதாவது தண்ணீரைத் தள்ளாத பக்கத்தில், தண்ணீர் தொட்ட உப்புத்தாளால் நாலு இழுப்பு. திரும்ப மாட்டிப் பார்க்க வேண்டும். எந்த நிலையில் விட்டாலும் அப்படியே நிற்கும் வரைக்கும் இதே வேலை. ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு, மையத்திலிருந்து 15 மி.மீ. தள்ளி இருந்தால்கூட, 23,700 சுற்றில் அது ஏறக்குறைய ஒரு கிலோ விசையாக ஸ்ட்ரட்டைப் போட்டு ஆட்டும். தண்டு சுழலும் புஷ் தேய்வதும், மோட்டாரின் சுழற்சியை ப்ரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும் ஃப்ளெக்ஸ் கேபிள் அறுவதும் பெரும்பாலும் இதனால்தான். முக்கியமான எச்சரிக்கை: பெரிலியம் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். காய்ந்த உப்புத்தாளையோ கிரைண்டரையோ இதில் வைக்கவே கூடாது. எப்போதும் ஈரமாகத்தான் தேய்க்க வேண்டும், தேய்த்த சேற்றை ஈரத்துணியால் வழித்துக் கட்டிப் போட வேண்டும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் தேய்க்கும் இடத்தைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

தண்ணீரில் இறக்குவதற்கு முன்னால் மேஜையில் ஒரு வேலை இருக்கிறது. தடிமனான கண்ணாடிப் பலகை மேல் படகை உட்கார வைத்து, ஸ்பான்சன் அடியும் ஸ்ட்ரட் அடியும் ஒரே மட்டத்தில் வருமாறு ஸ்ட்ரட்டை வைத்தேன், கோணம் சுழியம். எடை மையம் ஸ்பான்சன் முடியும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் விழும்படி பேட்டரியை நகர்த்தினேன். இது என் தொடக்கப் புள்ளி. இதிலிருந்து ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றுவேன். மாற்றியதை நோட்டில் எழுதிய பிறகுதான் படகு தண்ணீருக்குப் போகும். கூடவே காற்றின் திசை, தண்ணீரின் நிலை, ஓடி வந்ததும் மோட்டார் சூடு, பேட்டரியில் மிச்சம் இருக்கும் வோல்ட். வேகத்துக்கு மூடிக்குள் ஒரு ஸ்கைஆர்சி ஜி.பி.எஸ். மீட்டர்.

என்னோடு வருவது என் மச்சினன். கயாக்கில் லைஃப் ஜாக்கெட் போட்டுக் கரையோரம் உட்கார்ந்திருப்பான், படகு நின்றுபோனால் எடுத்து வருவது அவன் வேலை. ஆனால் அவன் அதைவிடப் பெரிய உதவி ஒன்று செய்கிறான். நான் நிற்கும் இடத்திலிருந்து படகின் முதுகுதான் தெரியும். அவனுக்குப் பக்கவாட்டில் தெரியும். "மாமா, வால் தட்டுது" என்பான், "மாமா, வலது ஸ்பான்சன் தண்ணியே தொடல" என்பான். ஹைட்ரோ டெஸ்ட் செய்ய இரண்டு பேர் வேண்டும் என்று சொல்வது எடுக்கப் போவதற்காக மட்டும் இல்லை.

எக்ஸ்440 போட்டு, தொடக்கப் புள்ளியிலேயே படகு நேராக ஓடியது. மரக் கிட்டில் இது அதிகம் பார்க்க முடியாத விஷயம். ரிமோட்டில் சுக்கானை நேராக்கும் ட்ரிம் ஓரிரு புள்ளிக்கு மேல் தேவைப்படவில்லை. வேகம் மணிக்கு 61 கி.மீ. ஆனால் பின்பக்கம் தூக்கி, மூக்கு கனமாக, ஸ்பான்சன் தண்ணீரை அதிகம் உழுதுகொண்டு போனது. பாதுகாப்பான நிலை, மந்தமான நிலையும்கூட. ஸ்ட்ரட்டை ஒன்றரை மில்லிமீட்டர் மேலே ஏற்றினேன். ப்ரொப்பெல்லர் குறைவாக முங்கியது, பின்பக்கம் தாழ்ந்தது, மூக்கு லேசானது. அதே ப்ரொப்பெல்லரில் 66. மோட்டார் சூடும் இறங்கியது. வேகம் கூடிச் சூடு குறைந்தால் சரியான பக்கம் போகிறோம் என்று பொருள்.

பிறகு எக்ஸ்442. மணிக்கு 71 கி.மீ. கணக்குப்படி வந்த 83-ல் எண்பத்தைந்து சதவீதம், பாதி முங்கிய ப்ரொப்பெல்லருக்கு இது நல்ல எண். கரைக்கு வந்து தொட்டதும் மோட்டார் 57 டிகிரி. இந்த உடலுக்கும் இந்த மோட்டாருக்கும் இதுதான் ஜோடி என்று நான் நம்புகிறேன். எக்ஸ்445-ம் போட்டுப் பார்த்தேன், பார்க்காமல் சொல்லக்கூடாது என்பதற்காக. 73-தான் வந்தது. மோட்டார் சூடு 78 டிகிரிக்கு ஏறிவிட்டது. ஒரே வடிவ ப்ரொப்பெல்லரில் ஒரே சுற்றுக்கு இழுக்கும் சக்தி விட்டத்தின் ஐந்தாம் அடுக்காக ஏறும். 42-லிருந்து 45 என்பது பார்க்க மூன்று மில்லிமீட்டர், சுமையில் நாற்பது சதவீதம். அந்த இரண்டு கிலோமீட்டருக்காக மோட்டாரின் காந்தத்தைப் பலி கொடுக்க வேண்டாம்.

நிஜப் படகு நேர்வழியில் மணிக்கு 320 கி.மீ. தொடும். சின்ன மாடல் 71-ல் ஓடுகிறது என்றால் மெதுவாகத் தெரியலாம். அலையில் படகு நடந்துகொள்வது நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, பத்துக்கு 3.16. அப்படிப் பெருக்கினால் என் படகு பெரிய படகின் கணக்கில் 224-ல் ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியும் துள்ளலும் தோகையும் அதற்கேற்ற மாதிரிதான் இருக்கின்றன. முன்னூறு ஓடுவதாக நினைக்க வைக்க இந்த உடலுக்கு இன்னும் தெம்பு இருக்கிறது.

திரும்புவதில்தான் இந்தக் கிட் என்னை அசத்தியது. பெரிய படகுகள் இடப்பக்கம் சுற்றும், அவற்றின் திருப்பத் தகடு இடது ஸ்பான்சனில் இருக்கும். மாடல் ரேஸில் வலப்பக்கம் சுற்றுவார்கள், ஆகவே தகடு வலது ஸ்பான்சனில். தகடு தண்ணீரில் கத்தி போல இறங்கிப் படகை வெளியே வழுக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். கிட்டில் தகட்டுக்கான துளைகள் இரண்டு மி.மீ. தள்ளி விழுந்திருந்தன, அதை அடைத்து மறுபடி துளைத்தேன். மாட்டிய பிறகு, பாதி ஆக்சிலரேட்டருக்குக் கீழே இறங்காமலே முழு வளைவையும் எடுத்தது. வளைவு முடிந்து வெளியே வரும்போது வால் ஆடுவதும் இல்லை. நான் முன்னால் வைத்திருந்த ஃபைபர் படகில் இந்த இடத்தில் எப்போதும் மனசு பதறும்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் ஹைட்ரோ விமர்சனம் எழுத முடியாது. கண்ணாடி மாதிரி அசையாத தண்ணீர் நல்லது என்று புதியவர்கள் நினைப்பார்கள். அப்படி இல்லை. தண்ணீர் ஸ்பான்சனை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். சின்னச் சிற்றலை இருந்தால் அடியில் காற்று புகுந்து விடுபடும், வேகம் இரண்டு மூன்று கூடும். ஆனால் எதிர்க்காற்று ஒரு வீச்சு வீசினால் கதை வேறு. ஸ்ட்ரட்டை இன்னும் ஒரு மில்லிமீட்டர் ஏற்றி ஓட்டிய ஒரு காலையில், நேர்வழியில் முழு வேகத்தில் போகும்போது காற்று திரும்பியது. மூக்கு எழுந்தது. "மாமா, விடுங்க!" என்று மச்சினன் கத்துவதற்குள் படகு நிமிர்ந்து நின்று, முதுகைக் காட்டிப் பின்பக்கமாக விழுந்தது. வால் இறக்கையின் ஒரு தண்டு உடைந்தது. மேல்தோலில் கீறல்கூட இல்லை. எடுத்துத் திருப்பித் தண்ணீரை ஊற்றினால் உள்ளே அரை டம்ளர்தான் இருந்தது. 1.5 மி.மீ. ப்ளைவுட்டுக்கு இது பெரிய சான்றிதழ்.

இதே மாதிரி 1955-ல் சியாட்டலில், கோல்ட் கப்புக்குத் தகுதி ஓட்டம் ஓடும்போது, லூ ஃபேகோல் ஓட்டிய ஸ்லோ-மோ-ஷன் ஃபைவ் காற்றில் முழுக் குட்டிக்கரணம் அடித்து விழுந்தது. படகிலிருந்து வீசப்பட்ட அவர் பலத்த காயத்தோடு பிழைத்தார். 1982-ல் டீன் செனோவெத் பிழைக்கவில்லை. கொலம்பியா ஆற்றில், ட்ரை-சிட்டீஸில், மிஸ் பட்வைசர் பின்பக்கம் கவிழ்ந்து அவர் உயிர் போனது. முந்தைய வருஷம்தான் மெக்சிகோவின் அகாபுல்கோவில் பில் மன்சியும் அதே விதமாக இறந்திருந்தார். அதன் பிறகுதான் போர் விமானத்தின் கண்ணாடிக் கூண்டை வைத்து காக்பிட்டை மூடினார்கள். கிட்டில் வரும் அந்தச் சின்ன மூடியை ஒட்டும்போது எனக்கு இதெல்லாம் நினைவுக்கு வரும்.

அதனால் ஸ்ட்ரட்டை ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்று இந்த உடலுக்குச் சொல்வேன். காற்று அதிகமான நாளில் அதையும் அரை மில்லிமீட்டர் இறக்கி, பேட்டரியை ஒரு விரல் முன்னே தள்ளிவிடுங்கள்.

ஆட்களின் பாதுகாப்பும் இதோடு சேர்ந்தது. மூன்று கிலோ, மணிக்கு 72 கி.மீ. என்றால் ஏழு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழும் மூன்று கிலோ கல்லுக்குச் சமம். நீந்துகிறவர்கள், மீன் பிடிக்கிறவர்கள், குஞ்சோடு வாத்து, யாராவது தண்ணீரில் இருந்தால் இறக்கவே கூடாது. பூங்காக்காரர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், பல ஏரிகளில் அனுமதி கிடையாது. ஒவ்வொரு முறையும் தண்ணீரில் விடுவதற்கு முன் ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, ஆக்சிலரேட்டரை லேசாகப் பிடித்தபடி ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். மோட்டார் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அன்று ஓட்டம் கிடையாது.

ஓட்டத்தை நான் மூன்று நிமிஷத்துக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. 5000 எம்.ஏ.ஹெச். பேட்டரியில் எண்பது சதவீதத்துக்குமேல் உறிஞ்சினால் அடுத்த சீசனுக்கு அது இருக்காது. வீட்டுக்கு வந்ததும் ஃப்ளெக்ஸ் கேபிளை உருவித் துடைத்து, மரைன் கிரீஸ் பூசித் திருப்பிப் போட வேண்டும். மூடியைத் திறந்து வைத்து உள்ளே காற்று படவிட வேண்டும். செல் ஒன்றுக்கு 3.8 வோல்ட்டில் பேட்டரியை நிறுத்தி வைக்க வேண்டும். இதில் சோம்பல் பட்டால் மரப்படகு ஒரே மழைக்காலத்தில் ஊறிப்போகும்.

செலவு: கிட் 165 டாலர். மோட்டார், சீகிங், ஸ்ட்ரட், சுக்கான், தகடு, ப்ரொப்பெல்லர், பேட்டரி, எபாக்ஸி, பெயின்ட் எல்லாம் சேர்த்து அறுநூறை ஒட்டி வந்தது, ரிமோட் ஏற்கெனவே என்னிடம் இருந்தது. அதே காசுக்கு ரெடியாக ஓடும் படகு பெட்டியில் கிடைக்கும், அன்றைக்கே ஓடும். ஆனால் அவற்றில் பலவற்றில் ஸ்ட்ரட் உயரத்தை மாற்ற இடமே விட்டிருக்க மாட்டார்கள். எடையை நகர்த்தவும் வழி இருக்காது. இந்தக் கிட்டில் பேட்டரி, ஸ்ட்ரட், தகடு, இறக்கை நான்கையும் தனித்தனியாக நகர்த்தலாம். கோளாறு வந்தால் எங்கே தேட வேண்டும் என்று உடனே தெரியும். உடைந்த இறக்கைத் தண்டுக்கு அந்தப் பெரியவர் காசு வாங்காமல் புதிதாக வெட்டிக் கொடுத்தார், அடுத்த வாரமே.

இப்போது நோட்டில் இருக்கும் நிலை இதுதான்: ஸ்ட்ரட் ஒன்றரை மி.மீ. மேலே, கோணம் சுழியம், எக்ஸ்442, சிற்றலையில் 71, மோட்டார் 57 டிகிரி. அடுத்து அதே விட்டத்தில் பிட்ச் கூடின எக்ஸ்642-ஐத் தீட்டிக்கொண்டிருக்கிறேன், இலைகளின் பின் ஓரத்தை ஒரு மில்லிமீட்டர் வெட்டித்தான் போடுவேன், இல்லையென்றால் மோட்டார் தாங்காது. நீங்கள் கிட் கேட்கும்போது மறக்காமல் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். பின்பலகைக்கு 6 மி.மீ. துண்டு ஒன்று, 1.5 மி.மீ. தோல் பலகையில் ஒரு தாள் கூடுதல். கேட்டால் வெட்டித் தருவார். தகட்டின் துளையை மட்டும் கிட்டில் இருக்கும் குறியை நம்பாமல் நீங்களே அளந்து போடுங்கள்.